நாற்பத்தோரு படங்களில் ஒரு பனிப்பூ

ஹத்சுயே ஒபாராவைப் பற்றி எழுத எங்கள் குரோனாய் ஊரிலேயே தகுதி குறைந்த ஆள் நான்தான். அவள் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தவன் நான். இருந்தாலும் அந்தக் காலை அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படத்தையும் எண்ணியவனும் நான்தான் என்பதால், எழுதுகிறேன். என் பெயர் இசோயா. ஊராட்சி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் நில அளவை வேலை. ஓய்வு பெற்றபின் ஊர்ப் புகைப்படக் கழகத்தின் செயலாளர். கோபக்காரன் என்று பெயர். அது பொய்யில்லை.

ஹத்சுயேவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. தெராஷிமாவின் சலவைக்கடையில் கறை எடுக்கிற வேலை. மேசையில் கோட்டை விரித்து, பூதக்கண்ணாடி விளக்கின் அடியில் குனிந்து, இது சோயா சாறா, டீசலா, ரத்தமா என்று பார்த்து, அதற்கேற்ற மருந்தைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு எடுப்பாள். அந்த மருந்துகளின் நெடி மண்டையைப் பிளக்கும். அதனால் குனியும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்வது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு நிமிஷம் அடக்குவாள், சில நாள் அதற்கு மேலும். தெராஷிமா முதலில் பயந்துபோய், உயிரோடுதான் இருக்கிறாயா என்று தோளைத் தட்டுவாராம்.

அவள் இந்த ஊர்க்காரி இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் கிழக்குக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து தனியாக வந்தாள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எங்கள் மரியாதை, கேட்காமலே தெரிந்துகொள்வது எங்கள் கெட்ட குணம்.

வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு வாடிக்கையாளர் சாவு வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போன கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்து போட்டார். தோளில் பனி. அதில் உருகாத ஒரு பூ பூதக்கண்ணாடியின் கீழ் வந்து நின்றது. ஆறு கை, ஒவ்வொரு கையிலும் ஆறேழு கிளை, கிளைக்குள் கோடுகள். நாலு விநாடியில் அது தண்ணீராகிவிட்டது. அந்த நாலு விநாடி அவளைப் பிடித்துக்கொண்டது என்று தெராஷிமா சொல்வார். வசந்தம் வருவதற்குள் பழைய கேமரா ஒன்றும், உருப்பெருக்கும் லென்ஸ் ஒன்றும் வாங்கிவிட்டாள்.

கற்றுக்கொடுக்க ஆளில்லை. நூலகத்துப் புத்தகம் ஒன்று, இணையத்தில் யார் யாரோ போட்ட காணொளிகள், அவ்வளவுதான். எங்கள் கழகத்தில் கேட்டிருக்கலாம். நாங்கள் மலையையும் நாரையையும் எடுக்கிறவர்கள், பொட்டுக்கடலை அளவு பொருளைப் பார்த்துப் பழக்கமில்லை. அந்தக் குளிர்காலம் அவள் எடுத்த ஆயிரத்துச் சொச்சம் படங்களில் ஒன்றுகூட முழுசாகத் தேறவில்லை. அவ்வளவு கிட்டத்தில் போனால், லென்ஸுக்கு ஒரு மயிரிழை ஆழம்தான் தெளிவாகத் தெரியும். பனிப்பூ சமமாகப் படுக்காது, உதிர்ந்த இலை மாதிரி சாய்ந்துதான் கிடக்கும். ஒரு கை கூர்மையாக இருந்தால் மற்ற ஐந்தும் புகையாக இருக்கும்.

இதற்கு வழி ஒன்று உண்டு. கேமராவை ஒரு திருகுத் தண்டில் பூட்டி, மயிரிழை மயிரிழையாக முன்னே நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுக்க வேண்டும். நாற்பது, ஐம்பது படம். பிறகு கணினி ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியை மட்டும் பொறுக்கி ஒரே படமாக அடுக்கிவிடும். சொல்லும்போது எளிது. அத்தனை படமும் முடியும்வரை பூ அசையக்கூடாது, உருகக்கூடாது, காற்றில் கரைந்து மெலியவும் கூடாது. அதிகம் போனால் ஒரு நிமிஷம் கிடைக்கும். அவள் திருகின் தலையில் சலவைத் துணிக்குக் கட்டும் சீட்டு ஒன்றைச் சுற்றி ஒட்டி, அதில் பேனாவால் கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு திருகப் பழகினாள். மூச்சடக்கத்தைப் புதிதாகப் பழக வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் வருஷம் வேறொரு சோதனை. கேமரா வெளிக்குளிரிலேயே கிடந்தால்தான் பனிப்பூ தாங்கும் என்று கடையின் பின்கட்டில் சாமான் கொட்டகையில் வைத்திருந்தாள். எங்கள் ஊரில் உருளைக்கிழங்கு உறைந்துவிடாமல் இருக்க ஃபிரிட்ஜுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் நாங்கள். உறைநிலைக்குக் கீழே பதினெட்டு டிகிரி குளிர் விழுந்த காலை, தெராஷிமா பாவப்பட்டு, அந்தக் கேமராவையும் எடுத்து உள்ளே கொண்டுவந்து அடுப்போரம் வைத்துவிட்டார். லென்ஸுக்குள் எல்லாம் வியர்த்து, அவள் வெளியே எடுத்ததும் அந்த ஈரம் அப்படியே உறைந்து, இரண்டு நாள் வீண். மனிதர் அவள்முன் தலையைக் குனிந்தபடியே நின்றாராம். அவள் சிரித்துவிட்டாளாம்.

ஐந்தாம் குளிர்காலத்தில் ஒரு படம் தேறியது. அதை எங்கள் குளிர்காலக் கண்காட்சிக்குக் கொடுத்தாள். அங்கேதான் நான் வருகிறேன்.

கழக விதிகளில் ஐந்தாவது விதி நான் எழுதியது. ஒன்றுக்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்து உண்டாக்கிய படம் ஏற்கப்படாது. பல வருஷத்துக்கு முன் ஒருத்தர் எங்கள் மலைக்கு மேல் முழு நிலவை ஒட்டிக் கொண்டுவந்தார். அந்தத் திசையில் நிலவு எந்த மாதத்திலும் எழாது என்று அளந்து காட்டி அவரைக் கழகத்தை விட்டே ஓட்டினேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஹத்சுயேவின் படத்தில் ஆறு கையும் நுனிவரை கூர்மையாக இருந்ததைப் பார்த்த நிமிஷமே, இது ஒரு தட்டலில் எடுத்த படம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை கூட்டத்துக்கு அவளை வரச் சொன்னோம். ஊர் மன்றத்து மேல்மாடி, பதினான்கு பேர்.

கேட்டதும் ஒளிக்காமல் சொன்னாள். நாற்பத்தோரு படம் சேர்த்தது, ஆனால் பூ ஒன்றுதான். அது ஒன்றுதான் என்று யார் பார்த்தது என்று கேட்டேன். நல்ல கை ஒன்றை இன்னொரு பூவிலிருந்து எடுத்து ஒட்டினாலும் இப்படித்தானே இருக்கும் என்றேன். நிலவை ஒட்டுகிறவர்கள் இருக்கும் உலகத்தில் ஒரு கையை ஒட்டுவது பெரிய வித்தையா என்றேன். அவள் அமைதியாக, ஒட்டவில்லை என்றாள். தலைவர் முராகோஷி அவள் பக்கம் சாய்வது தெரிந்தது. இரண்டு மூன்று பேர் படம் அழகாக இருக்கிறதே என்று முணுமுணுத்தார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"இவங்க சொல்றத எப்படிங்க அப்படியே நம்பறது? முன்ன வேலை பார்த்த ஊர்ல ஒரு கோட்டுப் பாக்கெட்டுல இருந்த மோதிரம் காணாமப் போச்சாம். அதுக்கப்பறம்தான் இங்க வந்தாங்களாம்."

என் மனைவியின் சித்தி மகள் அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வாய்வழி வந்த செய்தி. மோதிரம் காணாமல் போனது உண்மை. கடைக்காரர் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே ஹத்சுயேவின் ஏப்ரன் பையையும் கைப்பையையும் கவிழ்க்கச் சொன்னார். எதுவும் கிடைக்கவில்லை. அவள் எடுத்தாள் என்று யாரும் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அந்தப் பாதிக் கதையையும் அந்தச் சித்தி மகளே சொல்லித்தான் இருந்தாள். கூட்டத்தில் நான் அதைச் சொல்லவில்லை.

ஹத்சுயே என்னைப் பார்க்கவில்லை. தலைவரைப் பார்த்து, உங்கள் கண் முன்னாலேயே எடுத்துக் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னாள். கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை திறக்கிறது. சனிக்கிழமைக்குள் காட்டினால் படம் இருக்கும், இல்லாவிட்டால் சுவரிலிருந்து இறங்கும் என்று முராகோஷி முடிவு சொன்னார்.

படம் இறங்குவது பெரிய விஷயமே இல்லை. ஊரார் பாக்கெட்டைக்கூடப் பார்க்காமல் நம்பிக் கோட்டைக் கொடுத்துவிட்டுப் போகும் கடை அது. மறுநாளே இரண்டு பேர் கோட்டை நீட்டுவதற்கு முன் அவள் முன்னால் நின்று பாக்கெட்டை ஒவ்வொன்றாகத் துழாவிப் பார்த்துக் கொடுத்தார்களாம். தெராஷிமா நல்ல மனிதர், ஆனால் கடை நடத்துகிறவர். எனக்கு உன் மேல் சந்தேகமில்லை, ஊருக்கு இருந்தால் நான் என்ன செய்வது என்று அவளிடம் சொல்லிவிட்டார். படம் பொய் என்று ஆகிவிட்டால் மோதிரமும் மெய்யாகிவிடும். அவள் இன்னொரு தடவை பெட்டி கட்ட வேண்டும். ஐம்பத்தொரு வயதில் எங்கே போவாள்?

செவ்வாய்க்கிழமை வெயிலடித்து, மதியம் கை அகலத்துக்குக் கொழகொழவென்று பனி கொட்டியது. நூறு பூ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழும் பனி, ஒன்றுக்கும் உதவாது. புதன் பளிச்சென்று வானம், ஒரு துகள் இல்லை. வியாழன் குண்டு குண்டாக ரவை மாதிரி விழுந்தது. வெள்ளி காலை ஆறரைக்கே நானும் முராகோஷியும் கொட்டகையில் போய் நின்றோம். ஊசிப்பனி, அதோடு காற்று. அவள் கறுப்புக் கம்பளித் துணி போர்த்திய பலகையை நீட்டுவாள், குனிந்து பார்ப்பாள், தட்டிவிடுவாள், மறுபடி நீட்டுவாள். எட்டே முக்காலுக்குக் கடை திறக்கும் நேரம் வந்ததும் பலகையைச் சுவரில் சாத்திவிட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதை இப்போது எழுதக் கூசுகிறது.

சனிக்கிழமை காலை பதிமூன்று டிகிரி உறைகுளிர். காற்றே இல்லை. ஏழு மணிக்கு நட்சத்திரம் நட்சத்திரமாக, ஒன்று ஒன்றாக, அவசரமில்லாமல் இறங்க ஆரம்பித்தது. வாரம் முழுக்க அவள் காத்திருந்த பனி அதுதான்.

கொட்டகை வாயிலில் கவிழ்த்த மரப்பெட்டி. அதன்மேல் கறுப்புப் பலகை. அதற்கு நேர் மேலே திருகுத் தண்டில் கேமரா. ஹத்சுயே பெட்டிக்கு முன்னால் முழங்காலிட்டாள். முராகோஷி அவளுக்கு வலப்பக்கம், நான் இடப்பக்கம். படங்களை எண்ணுவது என் பொறுப்பு. தெராஷிமா கதவிடுக்கில் நின்றார். அவள் எங்கள் இரண்டு பேரிடமும், பேசுவதானால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசச் சொன்னாள். முதலில் ஒரு நல்ல பூ வந்தது. அவள் தூரிகை நுனியால் அதை ஒரு துளி நகர்த்தி, திருகில் கை வைத்ததும் முராகோஷி பரவசப்பட்டு "ஆகா" என்றார். பூ போய்விட்டது. அவர் வாயைக் கையுறையால் பொத்திக்கொண்டார்.

அடுத்தது வர இருபது நிமிஷம் ஆனது. வந்தது பலகையின் இடது ஓரத்தில், என் பக்கம். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளினால் உடையும் என்று அவள் பலகையையே மெல்ல நகர்த்தி லென்ஸுக்கு அடியில் கொண்டுவந்தாள். மூச்சை இழுத்து அடக்கினாள். திருகினாள், தட்டினாள். திருகினாள், தட்டினாள். நான் சரியாகப் பார்க்க வேண்டும் என்று பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. இருபத்திரண்டு, இருபத்திமூன்று. நானும் என்னை அறியாமல் மூச்சை அடக்கியிருந்தேன். முப்பதைத் தாண்டியும் கோடு தவறவில்லை. நாற்பது. நாற்பத்தொன்று. அவள் பின்னால் சாய்ந்து பனியில் உட்கார்ந்து, கிணற்றிலிருந்து மேலே வந்தவளைப் போல மூச்சு வாங்கினாள்.

உள்ளே மேசையில் அவளுடைய மடிக்கணினி. கேமராவை வெளியிலேயே விட்டு, நினைவட்டையை மட்டும் கொண்டுவந்தாள். கணினி அடுக்க ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் போனது. தெராஷிமா தேநீர் ஊற்றினார், யாரும் தொடவில்லை. படம் திரையில் வந்தது.

ஐந்து கை கத்தி முனை மாதிரி நின்றன. ஆறாவது கை இரட்டையாக இருந்தது. உள்ளே ஒரு குட்டைக் கை, மழுங்கி. அதற்கு வெளியே நீளமான இன்னொரு கையின் சாயல், பேய் மாதிரி. ஒரு பூவின் மேல் இன்னொரு பூவை வைத்தால் எப்படித் தெரியுமோ அப்படியே.

முராகோஷி நெடுநேரம் பார்த்தார். "இது ரெண்டு பூ மாதிரில்ல இருக்கு" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நாள் கூட இல்லை.

எனக்கு அரை விநாடி சந்தோஷம் வந்தது. வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். அடுத்த அரை விநாடியில் என் இடது உள்ளங்கை சுடுவது தெரிந்தது. கையுறைக்குள் கைரோ. எங்கள் ஊரில் நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்தச் சூட்டுப் பையை யாரும் நினைத்து வைப்பதில்லை. முதுகில் ஒன்று, கையுறையில் ஒன்று, பல் துலக்குகிற மாதிரி தன்னால் நடக்கிற காரியம். அந்தக் கையால்தான் பெட்டி விளிம்பைப் பிடித்திருந்தேன். பூவுக்கும் என் கைக்கும் இரண்டு விரல் இடைவெளி. வாயைத் திறந்தால் போதும். நான் திறக்கவில்லை.

ஹத்சுயே நாற்பத்தோரு படங்களையும் ஒவ்வொன்றாகத் திரையில் தள்ளினாள். பதினேழுவரை ஆறாவது கை முழுசாக இருந்தது. பதினெட்டில் நுனி உருண்டது. இருபத்தைந்தில் கிளைகள் இல்லை. முப்பத்தைந்தில் பாதிக் கை, நுனியில் ஒரு சொட்டு. மற்ற ஐந்தும் அப்படியே இருந்தன. பூ ஒன்றுதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை, முராகோஷிக்கே புரிந்துவிட்டது. எங்கள் மூச்சு பட்டிருந்தால் ஆறும் போயிருக்கும், இது ஒரு பக்கத்துச் சூடு என்று அவள் சொன்னாள். எந்தப் பக்கம் என்று முராகோஷி கேட்டார். இடது பக்கம் என்றாள். அவர் திரும்பி, அந்தப் பக்கம் யார் நின்றது என்று கேட்க ஆரம்பித்தார்.

"வேண்டாங்க தலைவரே" என்று ஹத்சுயே தடுத்தாள். "பையைக் காட்டு, கையைக் காட்டுன்னு நாலு பேர் முன்னாடி கேக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் யாரையும் கேக்க மாட்டேன்."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. இடது கையுறையைக் கழற்றினேன். கைரோவை எடுத்து மேசையில், கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன். அது இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. என்னால்தான் என்று சொன்னேன். வேண்டுமென்று செய்யவில்லை என்றும் சொன்னேன், அதை அவர்கள் நம்பினார்களா என்று தெரியவில்லை. முராகோஷி அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, விதியைத் திருத்தி எழுதிக்கொண்டு வா என்றார்.

அவள் கொடுத்த படம் சுவரிலிருந்து இறங்கவில்லை. கண்காட்சி முடிந்து அடுத்த கூட்டம் மார்ச் இரண்டாம் வாரம், ஒரு சனிக்கிழமை. அன்று ஐந்தாம் விதியைத் திருத்தினேன். பிறகு எழுந்து நின்று, மோதிரக் கதையில் நான் விட்டுவிட்ட பாதியையும் சொன்னேன். எதுவும் கிடைக்கவில்லை என்றும், அவள் மேல் யாராலும் எதையும் காட்ட முடியவில்லை என்றும், தெரிந்தே அதை மறைத்துத்தான் அன்று பேசினேன் என்றும் சொன்னேன். அந்த மாடியில் அதற்கு முன்னாலும் நிறையத் தடவை நான் எழுந்து நின்று பேசியிருக்கிறேன், அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

ஹத்சுயே கூட்டத்துக்கு வரவில்லை. சனிக்கிழமை கடையில் கூட்டம் அதிகம். நான் நேரே அங்கே போனேன். பின்கட்டில் ஒரு பள்ளிச் சீருடையில் மசிக் கறையைத் தொட்டுக்கொண்டிருந்தாள். மூச்சை விடும்வரை காத்திருந்துவிட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். எனக்கு மனசு லேசாகியிருந்தது. அவள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

"அன்னிக்கு இருந்த பதினாலு பேரும் இன்னிக்கு வந்திருந்தாங்களா?" என்று கேட்டாள்.

நான் யோசித்தேன். பதிமூன்று. நீகுரா வரவில்லை, அவருக்குக் காய்ச்சல்.

"அப்ப அவர்கிட்டயும் சொல்லிடுங்க, இசோயா சான்."

குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு மறுபடி மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு கறையின் மேல் குனிந்தாள். நீகுராவின் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலம் தாண்டி மலையடிவாரத்தில். பாதையில் புதுப்பனி முழங்கால்வரை கிடந்தது. நான் வீட்டுக்குத் திரும்பாமல், அப்படியே நடந்து போனேன்.